இரண்டு வாத்தியார், ஐந்து வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கக் கற்பதற்கென்று தனியாக ஒரு சட்டம் வேண்டுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏற்காட்டு மலையில் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். பாடத்தைத் தங்குதடையில்லாமல் படிப்பாள். ஒருநாள் சும்மா ஒரு சொல்லை விரலால் மறைத்தேன். மறைத்த சொல்லையும் சேர்த்தே படித்துவிட்டாள்! பக்கத்துப் பிள்ளை படித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். எழுத்து ஒன்றும் தெரியாது.

இத்தனைக்கும் நம்மிடம் சட்டங்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்று கணக்குச் சொல்கிறது. கணக்கு சரி. ஆனால் வகுப்பு ஐந்து ஆயிற்றே? சமவெளியில் பெரிய பள்ளி என்றால் சமாளிக்கலாம். மலையில் கரும்பலகையைப் பாதியாகப் பிரித்து இரண்டு வகுப்புக்கு எழுதிப்போடுவோம்.

2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இதைப் புரிந்துகொண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல யோசனைதான். ஆனாலும் அது திட்டம். நாளைக்கு வேறொரு பெயரில் வேறொன்று வரலாம். ஆகவே சட்டமாகவே வேண்டும் என்பேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 2013-இல் அப்படி ஒன்றைப் போட்டது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க வராவிட்டால் பெரும்பாலும் அதே வகுப்புதான். இது எனக்கு ஒப்பவில்லை. இங்கே ஒரு வருடம் நிறுத்திவைத்தால் பிள்ளை காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போய்விடும், அப்புறம் திரும்பாது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு. பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள், ஆசிரியர் பக்கத்திலேயே நின்று சொல்லித்தர. நாலாம் வகுப்பு வாசிப்பில் கடைசி வரிசையில் கிடந்த மாநிலம், 2019-இல் தேசிய சராசரியை எட்டியது. நம் சட்டத்தில் அந்த ஒரு பிரிவும், எத்தனை பிள்ளை இருந்தாலும் எழுத்துக் கற்கும் வகுப்புக்குத் தனி ஆசிரியரும் இருந்தால் போதும்.

அந்தப் பெண்ணைத் தினமும் அரைமணி பக்கத்தில் உட்காரவைத்தேன். ட, ப, ம. படம், மடம், பட்டம். பொங்கலுக்குள் எதைக் கொடுத்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்த அரைமணியில் என் பொறுப்பில் இருந்த மற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வணக்கம்.