நான்கு வினாடியும் ஒரு விட்டிலும்

காரைக்குடியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘கூடைப்பந்துப் பிளே-ஆஃப் தொடர்களில் ஓர் அணியை வெல்ல வைப்பது பெரிதும் திறமையா, பக்குவமும் நெஞ்சுரமுமா?’ என்னும் தலைப்பில், இரண்டாவது அணிக்காக ஆற்றிய உரை.

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிர்வரிசையில் வீற்றிருக்கும் திறமைக் கட்சியினரே, நாற்காலி கிடைக்காமல் திண்ணையிலும் சுற்றுச்சுவரிலும் இடம் பிடித்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, விடிந்தால் பயிற்சி இருந்தும் இன்னும் தூங்கப் போகாத கூடைப்பந்துப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

1939இல் கம்பன் கழகம் பிறந்த ஊர் இது. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த மன்றங்களை நேரில் கேட்டவர்கள் இந்த முன்வரிசையிலேயே சிலர் இருக்கக்கூடும். காவியத் தலைமக்களை எடைபோட்டுப் பழகிய ஊரில் அமெரிக்காக்காரனின் பந்து விளையாட்டை எதற்காக எடைபோட வேண்டும் என்று வரும் வழியில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். தராசு அதுதான் ஐயா, சரக்குத்தான் வேறு என்று சொல்லிவிட்டு மேடையேறினேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். ஆள் ஆறடிக்கு மேல் இருப்பதால் உயரத்தின் அருமையை உணர்ந்து பேசினார் என்று எடுத்துக்கொள்கிறேன். நட்சத்திர வீரர் கெவின் டியூராண்ட் வந்து சேர்ந்த பருவத்தில், 2017இல், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி பிளே-ஆஃப் ஆட்டங்கள் பதினேழில் பதினாறை வென்றதைச் சொன்னார். 2025இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்னும் இளைஞர் அணி கோப்பையைத் தூக்கியதைச் சொன்னார். ‘பக்குவம் அடுப்படியில் வேண்டியது, ஆடுகளத்தில் வேண்டியது புள்ளி’ என்று முடித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். செட்டிநாட்டில் நின்றுகொண்டு அடுப்படிப் பக்குவத்தை இவ்வளவு லேசாகப் பேசிவிட்டு அவர் இன்றிரவு எந்த வீட்டில் இலை போடச் சொல்லப் போகிறார் என்பது அவர் பாடு. மற்ற இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியது என் பாடு.

முதலில் பிளே-ஆஃப் என்பது என்ன என்று தெரியாத பெரியவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஒவ்வோர் அணியும் பருவம் முழுவதும் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றிலிருந்து 16 அணிகள் அடுத்த கட்டத்துக்குச் செல்கின்றன. அங்கே ஓர் அணியும் இன்னோர் அணியும் திரும்பத் திரும்ப மோதும். ஏழு ஆட்டங்களுக்குள் யார் முதலில் நான்கை வெல்கிறாரோ அவர் மேலே போவார். இப்படி நான்கு சுற்று, மொத்தம் 16 வெற்றி. வழக்கமான பருவத்தில் இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் வேறோர் ஊர். உங்கள் குறையைக் கண்டுபிடிப்பதற்குள் எதிராளி அடுத்த விமானத்தைப் பிடித்துவிடுவான். பிளே-ஆஃபில் அப்படித் தப்ப முடியாது. மூன்றாவது ஆட்டத்துக்குள் உங்கள் இடக்கை எவ்வளவு பலவீனம், நீங்கள் எந்த மூலையில் நின்றால் குறி தவறும், என்ன சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்பது வரை அவனுக்கு மனப்பாடம். அந்த நிலையில் பதினாறு அணிகளிடமும் திறமை இருக்கத்தான் செய்கிறது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்று எப்படி ஒருவரை மட்டும் வெல்ல வைக்கும் என்பதை எதிரணியினர் இன்னும் விளக்கவில்லை.

என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு மின்னொளிப் போட்டியின் அரையிறுதி. ஒரு புள்ளி பின்தங்கி இருக்கிறோம், கடிகாரத்தில் நான்கு வினாடி, என் கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும், தலைக்கு ஒரு புள்ளி தரும் வாய்ப்பு. அன்று காலைப் பயிற்சியில் பத்துக்கு எட்டு போட்டவன் நான். கோட்டில் போய் நின்றேன். பகல் வெயிலைக் குடித்திருந்த சிமெண்ட் தரையின் சூடு ஷூவைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்த விட்டில் ஒன்று பலகையின் சதுரக் கட்டத்துக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. அது எந்தப் பக்கம் நகரும் என்று பார்த்தபடியே எறிந்தேன். முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு என்னிடமே திரும்பியது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. அதோடாவது நிறுத்தினேனா? எதிரணிக்காரன் கோட்டுக்குள் காலை வைத்தான் என்று நடுவரிடம் சண்டைக்குப் போய், டெக்னிகல் ஃபவுல் வாங்கி, அவர்களுக்கு ஃப்ரீ த்ரோவும் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் அணியில் மூத்தவர் ஒருவர் இருந்தார். பேருந்து நடத்துநர், முப்பத்தெட்டு வயது. அவர் என்னைத் திட்டவில்லை. ‘தம்பி, உன் லேஸ் அவிழ்ந்திருக்கு, கட்டு’ என்றார். கடிகாரத்தில் அந்த நான்கு வினாடி அப்படியே இருந்தது. அதை நினைத்துக்கொண்டிருந்தவர் எங்கள் ஐவரில் அவர் ஒருவர்தான்.

இதே கதை 1995இல் உலகமே பார்க்க நடந்தது. இறுதித் தொடரின் முதல் ஆட்டம். ஓர்லாண்டோ மேஜிக் இளமை ததும்பும் அணி. ஷக்கீல் ஓ’நீலுக்கும் பென்னி ஹார்டவேக்கும் அன்று வயது 23. எதிரே ஹூஸ்டன் ராக்கெட்ஸ். அதன் இரு தூண்களான ஹக்கீம் ஒலாஜுவானுக்கும் கிளைட் டிரெக்ஸ்லருக்கும் 32. ஓர்லாண்டோ ஒரு கட்டத்தில் 20 புள்ளி முன்னிலையில் இருந்தது. அது கரைந்து, கடைசிப் பத்து வினாடியில் மூன்று புள்ளி முன்னிலையாக நின்றபோது, நிக் ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஒன்று விழுந்தாலே ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரி. இரண்டும் தவறின. திரும்பி வந்த பந்தை அவரே பிடித்தார், மறுபடியும் ஃபவுல், மறுபடியும் இரண்டு வாய்ப்பு. அவையும் தவறின. ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் ஒரு மூன்று புள்ளி எறிந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் 120-118 என வென்றது. தொடரையே 4-0 என வாரிக்கொண்டு போனது. ஆண்டர்சன் அதுவரை பத்துக்கு ஏழு போடுகிறவர். 1996-97 பருவத்தில் அவர் போட்டது நூற்றுக்கு நாற்பது. அதே கை, அதே உயரம், கோட்டிலிருந்து பலகைக்கு அதே 15 அடி. எது குறைந்தது என்று திறமைக் கட்சியினர்தான் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அந்த விட்டில் எனக்கும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அந்த ஹூஸ்டன் அணியையும் கொஞ்சம் கவனியுங்கள். பருவத்தில் 47 வெற்றி மட்டுமே பெற்று, மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்தில் உள்ளே நுழைந்த அணி அது. 60 வென்ற யூட்டா, 59 வென்ற பீனிக்ஸ், 62 வென்ற சான் அன்டோனியோ, 57 வென்ற ஓர்லாண்டோ என்று நால்வரையும் வரிசையாக வென்றது. ஆறாம் இடத்திலிருந்து கோப்பை வரை போன அணி இதுவரை வேறு கிடையாது. பீனிக்ஸிடம் 3-1 எனப் பின்தங்கி, இன்னொரு தோல்வி வந்தால் மூட்டை கட்ட வேண்டிய நிலையில் மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார்கள். ஏழாவது ஆட்டத்தின் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. ஒரு சாம்பியனின் நெஞ்சுரத்தை ஒருபோதும் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று அவர்களுடைய பயிற்சியாளர் ரூடி டோம்ஜானோவிச் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். ஒலாஜுவான் என்னும் மலை இருந்ததால் வென்றார்கள் என்று எதிரணி சொல்லும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணி தோற்ற 35 ஆட்டங்களில் பெரும்பாலானவற்றிலும் அந்த மலை அங்கேதான் இருந்தது.

இனி என் வழக்கின் முக்கிய சாட்சி. ஏழடி உயர ஜெர்மானியர் டர்க் நோவிட்ஸ்கி. 2006 இறுதித் தொடரில் அவருடைய டல்லாஸ் அணி மயாமியை முதல் இரண்டு ஆட்டங்களில் வீழ்த்திவிட்டு, மூன்றாவதிலும் கடைசிக் கால்பகுதியில் பதின்மூன்று புள்ளி முன்னே நின்று, அதைத் தவறவிட்டு, அடுத்தடுத்து நான்கும் தோற்றது. 2007இல் 67 வெற்றிகளோடு முதலிடத்தில் நுழைந்து, எட்டாம் இடத்து அணியிடம் முதல் சுற்றிலேயே விழுந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் நோவிட்ஸ்கிக்கு அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருது வந்தது. அந்த விருதை வாங்கும்போது ஒரு மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்!

2011இல் மறுபடியும் அதே மயாமி எதிரே நின்றது. இப்போது லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் போஷ் என்னும் நட்சத்திரங்கள் மூவரும் அந்த ஒரே பக்கம். திறமையைத் தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கவே வேண்டாம். டல்லாஸில் நோவிட்ஸ்கிக்கு 32 வயது, பந்தை நகர்த்தும் ஜேசன் கிட்டுக்கு 38. முதல் ஆட்டத்திலேயே நோவிட்ஸ்கியின் இடக்கை நடுவிரலில் தசைநார் கிழிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே மீதமிருக்க, 15 புள்ளி பின்தங்கினார்கள். 2006இன் டல்லாஸாக இருந்தால் அங்கேயே சிதறியிருக்கும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொல்வதைத்தான் அன்று அவர்கள் ஆடிக் காட்டினார்கள்: அவசரப்பட்டு எறியவில்லை, ஒவ்வொரு தடவையும் பந்தைச் சரியான கைக்குக் கொண்டுபோனார்கள், ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து தடுத்தார்கள். கடைசி 3.6 வினாடியில் நோவிட்ஸ்கி வளையத்தை நோக்கிப் பாய்ந்து பந்தைப் போட்டார். போட்டது விரல் கிழிந்த அந்த இடக்கையால். 95-93. நான்காவது ஆட்டத்தில் அவருக்கு 101 டிகிரி காய்ச்சல். 21 புள்ளி எடுத்தார், அணி வென்றது. தொடர் 4-2. 2006இலும் 2011இலும் அவர் உயரம் அதேதான். கால்களின் வேகம் குறைந்துதான் இருக்கும், கூடியிருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிரணிக்குப் பாதி வழி விடுகிறேன். நெஞ்சுரம் என்றதும் எல்லாரும் 1970ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கொண்டுவருவார்கள். தொடைத் தசை கிழிந்த வில்லிஸ் ரீட் நொண்டிக்கொண்டே வந்து நியூயார்க் அணிக்காக முதல் இரண்டு கூடைகளைப் போட்ட ஆட்டம் அது. கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். ஆனால் ரீட் அன்று எடுத்தது அந்த நான்கு புள்ளி மட்டுமே. வால்ட் ஃப்ரேசியர் 36 புள்ளி எடுத்து, 19 தடவை மற்றவருக்குப் புள்ளி எடுத்துக் கொடுத்தார். வலியைக் காட்டிக்கொண்டு நிற்பது மட்டுமே நெஞ்சுரம் என்று என் அணியில் எவரேனும் சொன்னால் நானே எழுந்து எதிரணியில் அமர்ந்துவிடுவேன்.

ஓக்லஹோமாவுக்கு வருகிறேன். எதிரணியினர் பக்குவத்தை நரையோடு குழப்பிக்கொள்கிறார்கள். நம் ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் நடத்த, போன காலத்தில், கணக்கில் புலி என்பதற்காக எந்த முதலாளியும் ஒரு பையனை நேராக ஏஜெண்டாகக் கப்பலேற்றியதில்லை. பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, கொடுத்த கடன் திரும்பாத இரவுகள் சிலவற்றைப் பார்த்த பிறகே பெட்டிச் சாவி கைக்கு வரும். சிலருக்கு அது இருபத்தைந்து வயதிலேயே வந்தது. சிலருக்குக் கடைசி வரை வரவில்லை. அந்த ஓக்லஹோமா பிள்ளைகள் 2024இல் இரண்டாம் சுற்றில் டல்லாஸிடம் 4-2 எனத் தோற்று வீடு திரும்பியவர்கள். 2025 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் 0.3 வினாடி மீதமிருக்கும்போது பந்தைப் போட்டு, ஆட்டம் முழுக்க முன்னிலையே பெறாத தம் அணியை ஒரு புள்ளியில் வெல்ல வைத்தார். சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்தின் முன் அப்படித் தோற்றால் என்னைப் போன்ற ஆள் ஒரு வாரம் தூங்கமாட்டான். அவர்கள் அடுத்த ஆட்டத்தை வென்றார்கள். அது மட்டுமன்று, அந்த ஆண்டுப் பிளே-ஆஃப் முழுவதும் ஏழு தடவை தோற்றார்கள், ஏழு தடவையும் மறு ஆட்டத்தை வென்றார்கள், இரண்டு தொடர்களில் ஏழாவது ஆட்டம் வரை போய் வென்றார்கள். டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், தம்மைவிட அரையடி உயரமான நிக்கோலா யோக்கிச்சைத் தடுக்க அவர்கள் நிறுத்திய ஆளும் அணியின் மூத்தவர்களில் ஒருவரான 31 வயது அலெக்ஸ் கருசோதான். எதிரணித் தலைவர் கொண்டுவந்த சாட்சி என் பக்கம் பேசுகிறது, நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடைசியாக அந்தப் பதினேழில் பதினாறு. 2017இன் வாரியர்ஸைத் திறமையால் வென்ற அணி என்றே வைத்துக்கொள்வோம். அதை நான் மறுக்கப் போவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டை அவர் ஏன் சொல்லாமல் தாண்டிப் போனார்? 2016இல் இதே வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று, அதுவரை எந்த அணியும் காணாத கணக்கோடு இறுதித் தொடருக்கு வந்து, கிளீவ்லாந்துக்கு எதிராக 3-1 என முன்னே நின்றது. நான்காவது ஆட்டம் கையில் விழுந்துவிட்ட நேரத்தில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் ஆத்திரப்பட்டு, அப்போது கிளீவ்லாந்துக்கு ஆடிய லெப்ரான் மீது கையை வீசினார். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த முரட்டு ஃபவுல் கணக்கோடு அதுவும் சேர, ஐந்தாவது ஆட்டத்தில் ஆடத் தடை விழுந்தது. தம் அணியின் தடுப்பாட்டத்துக்கே அச்சாணியான அவர் அன்று மாலை பக்கத்து பேஸ்பால் மைதானத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார். லெப்ரானும் கைரி எர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி எடுத்தார்கள். ஆட்டத்தின் நடுவே வாரியர்ஸின் ஆண்ட்ரூ போகட்டும் காயப்பட்டார் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டமும், ஆறாவதும், ஏழாவதும் கைவிட்டுப் போயின.

மணி அடித்துவிட்டது. எனக்கு அடுத்து எழும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் விடை சொல்ல வேண்டாம். 73 ஆட்டங்களை வென்று கொடுத்த அந்தத் திறமை ஐந்தாவது ஆட்டத்தின்போது பக்கத்து மைதானத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் இந்த மன்றத்துக்கு விளக்கிவிட்டுத் தம் பேச்சைத் தொடங்கட்டும்.