போலீஸுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இந்திப் படத்தில் வாத்தியாரும் ரவுடியும் எதிரெதிரே வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வாத்தியார் அடிபட்டுச் சாவார், மகன் பழிவாங்கக் கிளம்புவான். இல்லையென்றால் வாத்தியாரே ஆயுதத்தைத் தூக்குவார். 2005இல் கபீர் கௌஷிக் இயக்கிய 'செஹர்' படத்துப் பேராசிரியர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர். அவர் போலீஸ்காரர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார்.

கதை நடப்பது லக்னோவில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில். அன்றைய கிழக்கு உத்தரப் பிரதேசத்தில், அதிலும் கோரக்பூர் பக்கம், ரயில்வே டெண்டர் யாருக்கு என்பதைத் துப்பாக்கிதான் முடிவு செய்தது. டெண்டரில் சம்பாதித்தவர் அடுத்து தேர்தலில் நிற்பார். அந்த மண்ணில் ஏகே-47உடன் கிளம்பியவர் ஸ்ரீபிரகாஷ் சுக்லா. அவரைப் பிடிக்கத்தான் 1998இல் மாநில அரசு சிறப்பு அதிரடிப் படையை அமைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் காஸியாபாத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் சுஷாந்த் சிங் நடித்த கஜ்ராஜ் சிங் பாத்திரத்தில் அவருடைய சாயலைப் பார்க்கலாம்.

இந்தியாவுக்கு செல்போன் வந்ததே 1995இல்தான். அப்போது நமக்கு வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டியிருந்தது. சாதாரண ஆள் தொட முடியாத பொருள் ரவுடியின் சட்டைப் பையில் இருந்தது. துரத்துகிற போலீஸிடம் கரகரக்கும் வயர்லெஸ் இருந்தது. வீட்டுத் தொலைபேசி என்றால் ஒரு முகவரி உண்டு. நடந்துகொண்டே பேசுகிறவனை எங்கே போய்ப் பிடிப்பது?

இங்கேதான் பேராசிரியர் திவாரி வருகிறார். நடித்திருப்பவர் பங்கஜ் கபூர். செல்போன் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித் தருகிறார். அந்த வித்தை இவ்வளவுதான்: ஊர் முழுவதும் தேன்கூட்டு அறைகளைப்போலப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு டவர். போன் பேசாமல் சும்மா கிடந்தாலும் அவ்வப்போது டவரோடு தொடர்பு கொள்கிறது. ஆள் நகர்ந்தால் அடுத்த டவருக்கு மாறுகிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எவ்வளவு நேரம், எந்த டவர் வழியாக என்பதெல்லாம் நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடும். சிம்மை மாற்றிப் போட்டாலும் கருவிக்கென்று உள்ள 15 இலக்க எண் மாறாது. இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அன்று அதைக் கேட்கிற அதிகாரிகளின் முகத்தைப் பாருங்கள், முதல் பெஞ்சு மாணவர்கள் தோற்றார்கள்.

இந்தப் படத்துக்குச் சற்று முன்பு 'மக்பூல்' படத்தில் மும்பை தாதாவாக வந்து மிரட்டிய அதே பங்கஜ் கபூர்தான் இங்கே துப்பாக்கியைக் கண்டாலே ஒடுங்கிப்போகும் மனிதர். தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறார், வார்த்தையைத் தயங்கித் தயங்கி விடுகிறார், அவ்வளவுதான். முழு ஆளே மாறிவிடுகிறார். காவல் அதிகாரியாக அர்ஷத் வார்ஸி. நம் ஊர் 'வசூல்ராஜா'வில் பிரபு செய்த வேடத்தை இந்தி மூலத்தில் செய்தவர். சிரிக்க வைத்தே பழகியவரை இந்தப் படம் முழுக்கச் சிரிக்கவிடாமல் வைத்திருக்கிறார் இயக்குநர். மஹிமா சௌத்ரியோடு வரும் காதல் மட்டும் ஒட்டவில்லை. பாதி வெட்டியிருக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. பேராசிரியர் கற்றுக் கொடுப்பது ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க. கண்டுபிடித்த பிறகு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதா, அங்கேயே சுடுவதா? படம் இதில் தயங்குவதே இல்லை, என்கவுன்ட்டர் பக்கம் போய் நின்றுகொள்கிறது. அந்த மனிதரையாவது ஒரு வார்த்தை கேட்க வைத்திருக்கலாம். பாடம் அவருடையது அல்லவா?

திரையரங்கில் படம் பெரிதாக ஓடவில்லை. பார்த்தவர்கள்தான் பிறகு மற்றவர்களுக்குச் சொன்னார்கள், நான் இப்போது உங்களிடம் சொல்வதுபோல. கடைசி மோதல் ரயிலில் நடக்கிறது. கருவிகளோடு பேராசிரியரும் அதில் ஏறிவிடுகிறார். அதற்குமேல் சொன்னால் படம் பார்க்கப் போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

நன்றி, வணக்கம்.