கறிக்கோழித் தீவனத்தில் ஓமம்

நேயர்களுக்கும் கோழிப்பண்ணை நடத்தும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தீவனத்தில் மூலிகை சேர்த்தால் கோழிக்கு நோய் வராதா என்று நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பண்ணையாளர்கள் கேட்கிறார்கள். வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். கிருமி தாக்கும் நாட்களில் கோழி இழக்கும் எடையை அதனால் குறைக்க முடியும். அதுவே பெரிய காரியம்.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா நல்ல கோழியின் குடலிலும் சிறிதளவு இருக்கும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணி குடல் சுவரைப் புண்ணாக்கினால் அங்கே புரதம் கசியும். தனக்குத் தேவையான பல அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்க இயலாத இந்தப் பாக்டீரியாவுக்கு அது விருந்து. பெருகி, நச்சைக் கக்கி, குடலை அழுகவைக்கும். கோழிகள் திடீரென மடிந்தால் உடனே விழித்துக்கொள்வோம். சாகாமல், எச்சம் மட்டும் இளகி, தின்ற தீவனம் உடம்பில் ஒட்டாமல் போகிறதே, நோயின் அந்த மறைமுக வடிவம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பண்ணைச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனம். நட்டமோ கோழியை எடைபோடும் நாளில்தான் தெரியவரும்.

இதற்கு அஞ்சியும், கோழி வேகமாக வளரவேண்டும் என்றும் ஆன்டிபயாடிக்கைத் தினசரித் தீவனத்தில் கலந்துவந்தார்கள். அதற்குப் பழகிய கிருமிகள் மனிதருக்கான மருந்துகளுக்கும் அடங்காமல் போயின. வளர்ச்சிக்காக அவற்றைக் கலப்பதை 1986இல் ஸ்வீடனும், 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும் நிறுத்தின. மற்ற மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பண்ணைகளில் பயன்படுத்த இந்தியா 2019இல் தடை விதித்தது. மிகவும் நியாயமான தடை அது.

இப்போது ஓமத்துக்கு வருகிறேன். அதன் மணத்துக்குக் காரணமான தைமால், பாக்டீரியாவின் செல்சவ்வில் புகுந்து அதைச் சிதைக்கிறது. பட்டையின் சின்னமால்டிஹைடும் பூண்டின் அல்லிசினும் வேறு வழிகளில் கிருமியைத் தாக்குகின்றன. ஆனால், ஒரு கைப்பிடி ஓமத்தை அரைத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கணக்குப் பாருங்கள். ஒரு டன் தீவனத்தில் 100 கிராம் தைமால் சேரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓமத்தில் 3 சதவீதம் எண்ணெய், அதில் பாதி தைமால் என்றால் ஏறக்குறைய 7 கிலோ ஓமம் வேண்டும். எண்ணெய் 2 சதவீதமாகவும் அதில் தைமால் 35 சதவீதமாகவும் இருந்தால் 14 கிலோ தேவை. விளைந்த மண், அறுவடைப் பருவம், சேமித்த காலம் எல்லாம் இந்த அளவை மாற்றும். மூலிகை பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் கருத்து.

இன்னொன்று, இந்த எண்ணெய் எளிதில் ஆவியாகும். குருணைத் தீவனம் தயாரிக்கும்போது நீராவிச் சூட்டில் ஒரு பகுதி போய்விடும். எஞ்சியதில் பெரும்பகுதி முன்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்; கிருமி பெருகும் இடத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது. எனவே மேற்பூச்சுப் பூசிய தயாரிப்புகளை வாங்குங்கள். தைமால் அளவு அச்சிடப்படாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமானால் அதை அப்படியே விட்டுவிட்டு ஓமத்தை நம்புவது வீண். ஈரத்தில்தான் காக்சிடியா முட்டைகள் முற்றுகின்றன. எச்சத்தில் இரத்தம் கண்டாலோ சாவு கூடினாலோ மூலிகை அளவை ஏற்றாமல், இறந்த கோழியை உடனே கால்நடை நோய் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை இரண்டு கொட்டகைகளில் விட்டு, ஒன்றுக்கு மட்டும் ஓமச் சேர்க்கை கொடுங்கள். 14, 28, 35ஆம் நாட்களில் எடையையும் தின்ற தீவனத்தையும் குறித்துவைத்து, அந்த நோட்டோடு உங்கள் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வணக்கம்.