பூசணிக்காய்க்குள் ஒரு பகல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பூசணிக்காய்க்குள்ளேயே மறைத்தவர் விட்டேக்கர் சேம்பர்ஸ். 1948 டிசம்பர் 2ஆம் தேதி காலை, அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த தன் பண்ணையில் ஒரு மஞ்சள் பூசணியைக் குடைந்து, உள்ளே ஆவணங்களைச் சிறிதாக்கிப் படமெடுக்கும் மைக்ரோஃபிலிம் சுருள்கள் 5ஐ வைத்து, காம்போடு வெட்டிய மேல்பாகத்தால் மூடினார். அன்று இரவே நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் ஆட்களைக் கூட்டிவந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

1925இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர் இவர். 1930களில் தலைமறைவாகி, வாஷிங்டன் அலுவலகங்களிலிருந்து கசிந்த அரசு ஆவணங்களைச் சோவியத் உளவுத்துறைக்குக் கடத்தினார். சோவியத் தலைவர் ஸ்டாலின் சொந்தக் கட்சிக்காரர்களையே கொன்று நடத்திய களையெடுப்பைக் கண்டு மிரண்டு 1938இல் விலகினார். வெறுங்கையோடு போகவில்லை. கடைசியாக வந்த சில ஆவணங்களை ஓர் உறையில் போட்டு மனைவியின் உறவினரிடம் கொடுத்துவைத்தார். புரூக்ளினில் ஒரு வீட்டில், சாமான் ஏற்றும் பழைய லிஃப்டின் பொந்துக்குள் அது 10 வருடம் தூசி படிந்து கிடந்தது.

பிறகு 'டைம்' பத்திரிகையில் வேலை. 1948 ஆகஸ்டில் விசாரணைக் குழு முன் வந்தவர், வெளியுறவுத் துறையில் பெரிய பதவி வகித்த ஆல்ஜர் ஹிஸ்ஸும் கட்சியின் ரகசியக் குழுவில் இருந்தவர்தான் என்றார். சரி, உளவு பார்த்தீர்களா என்று சத்தியம் வாங்கிக் கேட்டபோது, இல்லை என்றார். பச்சைப் பொய். பழைய நண்பர்களை அந்த அளவுக்கு இழுத்துவிட மனம் வரவில்லை என்று பின்னால் விளக்கினார். தன் தலையையும் பார்த்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹிஸ் அவதூறு வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல்கள் ஆதாரம் எங்கே என்று நெருக்கிய பிறகுதான் அந்தப் புரூக்ளின் உறை வெளியே வந்தது. 65 தட்டச்சுப் பக்கங்கள், ஹிஸ்ஸின் கையெழுத்தில் 4 குறிப்புகள், ஃபிலிம் சுருள்கள். காகிதங்களைக் கொடுத்துவிட்டு ஃபிலிமை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதுதான் பூசணிக்குள் போனது.

உளவுக் குற்றத்துக்குக் காலக்கெடு தாண்டிவிட்டதால் ஹிஸ் மீது, சேம்பர்ஸிடம் ஆவணம் எதுவும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்து சொன்னதற்காகப் பொய்ச்சாட்சி வழக்குதான் போட முடிந்தது. 1950இல் 5 ஆண்டு தண்டனை. 1996இல் இறக்கும்வரை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. பொய்ச் சத்தியம் செய்த சேம்பர்ஸ் மீது வழக்கே வரவில்லை.

1952இல் 'விட்னஸ்' என்ற தன்வரலாற்றை எழுதினார் சேம்பர்ஸ். கம்யூனிசத்தை அவ்வளவு கடுமையாகச் சாடியவர், ஜெயிக்கிற பக்கத்தை விட்டுத் தோற்கிற பக்கத்துக்கு வந்திருப்பதாகவே நம்பினார்.

அப்புறம் அந்தச் சுருள்கள். 2 மட்டுமே வழக்கில் காட்டப்பட்டன. மீதி 3இல் என்ன இருக்கிறது என்பது 1975இல்தான் வெளியே தெரிந்தது. ஒன்றில் எதுவுமே இல்லை. மற்ற இரண்டில் உயிர்காப்பு மிதவை, தீயணைப்புக் கருவி என்று, ரகசியமே இல்லாத கடற்படைத் தாள்கள்.

நன்றி, வணக்கம்.