உடும்பு தோண்டிய புற்று

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

"உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிடியில் மந்திரம் எதுவும் இல்லை. துரத்தினால் உடும்பு பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ நுழையும். நகங்களை ஊன்றி, மூச்சை இழுத்து உடலை உப்ப வைத்து, இடுக்கை அடைத்துக்கொள்ளும். பிறகு வாலைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் வராது. பயந்துபோன ஓர் உயிரின் பிடி அது.

கரடு, கண்மாய்க் கரை, பொட்டல், வயல் வரப்பு எல்லாம் அதன் வீடுதான். பகலில் பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்து வண்டு, தேள், நண்டு, எலி என்று தேடித் தின்னும். எலியைத் தின்பதை உழவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

முட்டையிடும் காலத்தில் தாய் உடும்பு மண்ணைத் தோண்டும். சில நேரம் கறையான் புற்றையே தோண்டும். முட்டைகளை உள்ளே வைத்து மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். புற்றின் வெதுவெதுப்பும் ஈரமும் மாதக்கணக்கில் அந்த முட்டைகளைக் காக்கின்றன. அருகிலேயே வெறும் குழிகளைத் தோண்டி, முட்டை தேடி வருபவற்றை ஏமாற்றுவதும் உண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

உடும்புக் கறி நமக்குப் புதிதல்ல. பசியில் விலா எலும்பு துருத்திய பாணர் சுற்றத்தை, உரித்த உடும்புக்கு ஒப்பிட்டார் ஒரு சங்கப் புலவர். ஆனால் இன்று வாலைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி உயிரோடு விற்கிறார்களே, அது பசிக்காகவா? இரத்தம் பலம் தரும், தைலம் மூட்டுவலி போக்கும் என்ற நம்பிக்கைக்காக! ஆண் உடும்பின் உறுப்பை உலர்த்தி, 'ஹத்தா ஜோடி' என்னும் அதிர்ஷ்ட வேர் என்று இணையத்தில் விற்றது 2017-இல் அம்பலமானது. பூஜை அறையில் வைத்தவர்கள் அதை வேர் என்றே நம்பினார்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

நிலத்தைச் சமன் செய்ய ஜேசிபி வரும் நாளில், முதலில் புற்றை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஓரத்தில் புதிதாகத் தோண்டி மூடிய மண் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடும்படி ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.