கால் மணி நேரக் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

"காக்கையையும் மைனாவையும் எண்ணி என்ன ஆகப்போகிறது?" தோட்டத்துப் பறவைக் கணக்கெடுப்பு என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து விழுகிற கேள்வி இது. தொலைநோக்கியோடு காட்டுக்குள் போய் அரிய பறவையைப் பதிவு செய்தால் அது ஆராய்ச்சி, கொல்லையில் தினமும் வந்து உட்காருகிற பறவையை எண்ணுவது பொழுதுபோக்கு என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறோம். அதோடு எப்படி எண்ணுவது, எங்கே சறுக்கும் என்பதையும்.

வெண்முதுகுப் பாறுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிணந்தின்னிக் கழுகுகளில் ஒன்று. ஒரு காலத்தில் இந்தியாவில் செத்த மாடு கிடக்கிற இடமெல்லாம் கூட்டங்கூட்டமாக இறங்கிய பறவை. 1992க்கும் 2007க்கும் இடையில் அதன் எண்ணிக்கை 99.9 விழுக்காடு சரிந்தது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்துதான் காரணம் என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. சரிவு நடக்கிறது என்பதை ஆய்வாளர்களால் அடித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களில் எடுத்துவைத்த கணக்கு கையில் இருந்ததுதான். பாறு மலிந்து கிடந்த காலத்தில் அதை எண்ணுவது வெட்டி வேலையாகத்தான் தெரிந்திருக்கும். ஒப்பிட உதவியது அந்தக் கணக்கு.

இந்தக் கணக்கெடுப்புக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் யார் அதிகம் சுடுவது என்று நடந்துவந்த வேட்டைப் போட்டிக்கு மாற்றாக, சுடாமல் எண்ணுங்கள் என்று 1900இல் அழைத்தார் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர். முதல் ஆண்டில் வந்தவர்கள் 27 பேர். பிரிட்டனில் பறவைப் பாதுகாப்புக்கான அரச கழகம் 1979இல் சிறுவர்களுக்கான வேலையாகத் தொடங்கிய தோட்டத்துப் பறவைக் கணக்கு இன்றும் ஒவ்வொரு சனவரிக் கடைசியிலும் நடக்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 1998இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கு பிப்ரவரி நடுவில் நான்கு நாள் நடக்கும். 2013இலிருந்து உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதில் சேரலாம். பார்த்த பறவைகளின் பட்டியலை யாரும் பதியக்கூடிய இ-பேர்ட் இணையதளம் 2002இல் வந்தது, அது ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கிறது. வரலாறு இவ்வளவு போதும்.

வேலைக்கு வருவோம். வேண்டியவை கடிகாரம், தாள், பென்சில். 8 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பறவைகள் அதிகம் நடமாடும், அதிகம் குரல் கொடுக்கும். அசையாமல் நிற்கிற ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இ-பேர்டில் ‘நின்ற இடத்துக் கணக்கு’ என்று பதியவேண்டுமானால் தொடங்கிய புள்ளியிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கவேண்டும். அதைத் தாண்டி நடந்தால் நடந்த தூரத்தையும் எழுதவேண்டும். குறைந்தது 15 நிமிடம். தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர் பார்த்தார்கள், இடம், நாள் ஆகிய ஐந்தும் இல்லாத பட்டியலை வைத்து ஆய்வாளர் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பறவையின் பெயரைப் போலவே இவையும் தரவுதான்.

முதல் தவறு கடிகாரத்தில் நடக்கிறது. நல்ல பறவை ஏதாவது கண்ணில் பட்டதும் "சரி, இப்போதே தொடங்கிவிடலாம்" என்று நேரம் குறிப்பது. இது முடிவைத் தெரிந்துகொண்டு தேர்வு எழுதுவது மாதிரி. அப்படித் தொடங்கிய பட்டியல்கள் குவிந்தால் அந்தப் பறவை உள்ளதைவிட அதிகமாக இருப்பதுபோல் தோன்றும். காலை ஆறரை என்று முடிவு செய்தால் ஆறரைக்கே தொடங்குங்கள், முற்றம் வெறிச்சோடிக் கிடந்தாலும்.

அடுத்தது, எண்ணும் விதி. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் விதி ஒன்றல்ல. பிரிட்டிஷ் கணக்கில் ஒரு மணி நேரம் பார்க்கவேண்டும். ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதவேண்டும். மேலே பறந்து கடந்துபோனவை சேராது, தோட்டத்தில் இறங்கியவை மட்டுமே. இ-பேர்டில் அப்படியில்லை. பார்த்த நேரத்துக்குள் வெவ்வேறு பறவைகள் எத்தனை என்று உங்களால் இயன்ற அளவு மதிப்பிட்டு எழுதவேண்டும். பறந்து போனதும் குரல் மட்டும் கேட்டதும் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டு. வேப்பமரத்தில் கருகருவென்று ஒரு குயில் உட்கார்ந்திருக்கிறது, அது ஆண். போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து அதே கிளையில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்புப் பறவை, அது பெண் குயில். இ-பேர்டுக்கு இது இரண்டு, ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. பிரிட்டிஷ் விதிப்படி ஒன்றுதான், ஏனென்றால் இரண்டும் ஒருசேரக் கண்ணில் படவில்லை. இப்போது குயிலை விட்டு மைனாவைப் பாருங்கள். இரண்டு மைனா வந்து, போய், மறுபடி இரண்டு வந்து, போய், ஆறு தடவை இப்படி நடக்கிறது. பன்னிரண்டு என்று எழுதக்கூடாது. இரண்டு என்று எழுதினால் எந்த விதிக்கும் பிழையில்லை.

"ஒரே நேரத்தில் கண்டது மட்டும் என்றால் உண்மையான எண்ணிக்கை குறைந்துவிடாதா?" குறையும். வந்து வந்து போகிற சிட்டுகளுக்குக் காலில் வளையம் மாட்டிப் பார்த்தால், ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகமான பறவைகள் அந்தத் தோட்டத்தைப் பயன்படுத்துவது தெரியவரும். ஆனால் இந்தக் குறை ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. நாம் தேடுவது மொத்தம் எத்தனை என்ற விடையை அல்ல, கூடுகிறதா குறைகிறதா என்பதை. மாறாத பிழையை வைத்துக்கொண்டு போக்கைக் கண்டுபிடிக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற பிழைதான் கணக்கையே கெடுத்துவிடும். போன ஆண்டு காலையில் எண்ணி, இந்த ஆண்டு உச்சிவெயிலில் எண்ணினால் பறவை குறைந்ததாகத் தோன்றும். நடுவில் தானியத் தட்டு வைத்தால் கூடியதாகத் தோன்றும். அப்படி எதையாவது மாற்றினால் குறிப்பில் எழுதிவிடுங்கள். வயதையும் இதில் சேர்க்கவேண்டும். வயது ஏற ஏற உச்சத் தொனிகள் காதில் விழாமல் போகும், தேன்சிட்டும் பூக்கொத்தியும் கத்துவது அந்தத் தொனியில்தான். எழுபது வயதுக்காரர் தோட்டத்தில் பூக்கொத்தி ‘மறைந்துவிட்டது’ என்றால் பேத்தியை ஒரு காலையில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது நல்லது.

கூட்டமாக வருபவற்றை எண்ண ஒரு வழி இருக்கிறது. மாடப்புறா ஐம்பது அறுபது சேர்ந்து எழும்பினால் ஒரு மூலையில் பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியவைத்து, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை பங்கு என்று பாருங்கள். பழக்கம் இல்லாத கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். தவிட்டுக்குருவிகள் வேறு மாதிரி. புதருக்குள் இருக்கும்போது எண்ணவே முடியாது. ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்கு ஒவ்வொன்றாகத் தாவும் பழக்கம் அவற்றுக்கு உண்டு, அந்த இடைவெளியில் கண்ணை வைத்திருந்தால் போதும். எண்ண முடியவில்லை என்பதற்காக எண்ணிக்கைக்குப் பதில் ‘எக்ஸ்’ குறி போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இருந்தது என்பதற்குமேல் அந்தக் குறி எதுவும் சொல்லாது. தோராயமாக நாற்பது என்று எழுதினாலும் அது எக்ஸைவிடப் பல மடங்கு மேல்.

இனி முழுப் பட்டியல். "நீங்கள் இனம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?" என்று தளம் கேட்கும். ‘ஆம்’ என்று சொல்ல முடிகிற பட்டியல்தான் அறிவியலுக்கு உயிர். எல்லாவற்றையும் இனம் காணத் தெரிந்திருக்கவேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தெரிந்ததில் எதையும் ஒதுக்கக்கூடாது, காக்கைதானே என்று விடக்கூடாது, அவ்வளவுதான். முழுப் பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அங்கே அந்த நேரத்தில் சிட்டுக்குருவி தென்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ளலாம். அரைகுறைப் பட்டியலில் இல்லையென்றால், எழுத மறந்தாரா, எழுத மனமில்லையா, உண்மையிலேயே இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

கணக்காகவே பார்க்கலாம். கற்பனையாக ஓர் ஊர். அங்கே ஓராண்டில் 100 முழுப் பட்டியல்கள் வருகின்றன, அவற்றில் 40இல் சிட்டுக்குருவி இருக்கிறது. பத்தாண்டு கழித்து ஆர்வலர்கள் பெருகி 1000 பட்டியல்கள் வருகின்றன, 250இல் சிட்டுக்குருவி. பதிவுகளை மட்டும் எண்ணினால் 40 என்பது 250 ஆகிவிட்டது, சிட்டுக்குருவி ஆறு மடங்கு பெருகிவிட்டதாகச் செய்தி போட்டுவிடலாம். விகிதத்தைப் பார்த்தால் நூற்றுக்கு 40 என்பது நூற்றுக்கு 25 ஆகச் சரிந்திருக்கிறது. பறவை பெருகவில்லை, பார்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். சிட்டுக்குருவி இல்லாத அந்த 750 பட்டியல்களை யாராவது பொறுமையாக அனுப்பியிருந்தால்தான் இந்த உண்மை வெளிவரும். "இன்றைக்கு ஒன்றும் விசேஷமில்லை" என்று கிழித்துப்போடுகிற தாளில் போவது இதுதான்.

இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கை இப்படிச் சேர்ந்த பட்டியல்களின்மேல் நிற்கிறது. 30,000க்கும் மேற்பட்டவர்கள், 3 கோடிப் பதிவுகள், 942 இனங்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தவை 338 இனங்கள்தான், அவற்றில் 204 குறைந்துவருகின்றன. மயிலும் குயிலும் பெருகுகின்றன. சிட்டுக்குருவியைப் பற்றி 2020 அறிக்கை சொன்னது பலருக்கும் வியப்பாக இருந்தது: நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைகிறது. கைப்பேசிக் கோபுரம்தான் அழித்தது என்று மேடைக்கு மேடை பேசிவந்தவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்த்திருக்கவேண்டும். பிரிட்டனிலோ 1979 முதல் இன்றுவரை தோட்டங்களில் சிட்டுக்குருவி பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஒரே பறவைக்கு ஊருக்கொரு கதை இருக்கலாம்.

நோயையும் இந்தக் கண்கள் பிடித்திருக்கின்றன. 1994 குளிர்காலத்தில் வாஷிங்டன் நகரையொட்டிய பகுதியில் தோட்டங்களுக்கு வந்த ஹவுஸ் ஃபின்ச் குருவிகளின் கண் வீங்கி, சீழ் வடிவதைக் கவனித்தவர்கள் வீட்டுக்காரர்கள். கோழிகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி காட்டுப் பறவைக்குத் தாவியிருந்தது. பிரிட்டனில் 2005 முதல் கிரீன்ஃபின்ச் குருவிகளைத் தொண்டை நோய் ஒன்று வாரிக்கொண்டுபோக, 2021இல் அது அபாயப் பட்டியலில் ஏறியது. இந்த நோய்கள் பரவுவதற்கு ஒரே தட்டில் கூட்டமாகத் தின்பது வசதி செய்துதருகிறது. ஆகவே தானியமோ நீரோ வைப்பவர்கள் பழையதைக் கொட்டித் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத்தான் மறுபடி நிரப்பவேண்டும். தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழத்துக்குமேல் வேண்டாம். நோய்ப்பட்ட பறவை தென்பட்டால் சில வாரம் தட்டையே எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் நல்ல துணை. ஆனால் அது சொல்வது யோசனை, சாட்சி அல்ல. கரிச்சான் வல்லூறுவைப் போலவே கத்தும், செயலியும் ஏமாறும், நீங்களும் ஏமாறுவீர்கள். திரையில் பெயர் வந்தால் அந்தத் திசையில் கண்ணைத் திருப்புங்கள், பார்த்தோ கேட்டோ நீங்களே உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது. கூடு கட்டும் காலத்தில் அது எதிரி வந்துவிட்டதென்று எண்ணி முட்டையை விட்டு வெளியே வரும். கூட்டின் இருப்பிடத்தையும் பொதுவெளியில் எழுதாதீர்கள். உங்கள் வீட்டு முகவரியையும்தான், இடத்தின் பெயராகப் பொதுவாக ஏதாவது வைத்தால் போதும்.

இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் பட்டியல் ஒன்றுதான். ஒருவர் பதிந்து மற்றவருடன் பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கொன்று தனித்தனியாக அனுப்பினால் ஒரே பறவை இரண்டாகிவிடும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேரப் பட்டியலாகப் போடுவதும் உதவாது. பார்த்த ஒவ்வொரு கால் மணிக்கும் தனிப் பட்டியல் போடுங்கள்.

பதியும்போது பெயரில் கவனம். மைனா என்று தட்டினால் வரிசையில் மலைமைனாவும் வரும். விரல் ஒரு வரி தவறினால் மழைக்காட்டுப் பறவை நகரத்து மொட்டைமாடியில் வந்து உட்கார்ந்துவிடும். அண்டங்காக்கையா வீட்டுக் காகமா என்று தெரியாவிட்டால் ‘காக இனம்’ என்றே எழுத இடமிருக்கிறது, அடித்துவிடுவதைவிட அது மேல். இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தாத பதிவு வந்தால் அந்தப் பகுதியின் மதிப்பாய்வாளர் உங்களுக்குக் கடிதம் எழுதுவார். அவரும் தன்னார்வலர்தான், உங்களைச் சந்தேகிக்கிறார் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். எந்த நிறம், எந்த அளவு, என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், படம் மங்கலாக இருந்தாலும் இணையுங்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லையா, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள் அல்லது நீக்குங்கள். மற்ற பறவைகளோடு பட்டியல் அப்படியே செல்லுபடியாகும்.