கணினியை உறங்க விடுவதா, அணைப்பதா?

நேயர்களுக்கு வணக்கம்.

மாலையில் வேலை முடிந்ததும் மானிட்டரின் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு, கணினியையே அணைத்துவிட்ட நிம்மதியோடு எழுந்து செல்பவர்களைப் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் கண்டிருக்கிறேன். மேசைக்கடியில் இருக்கும் சிபியு அப்போதும் விடிய விடிய ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலையின்றி ஓடும் மேசைக்கணினி ஒன்று 50 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 16 மணி நேரம் வீதம், மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்துக்குள் 48 யூனிட் வீணாகிறது. ஸ்க்ரீன் சேவர் ஓடுகிறதே என்று சிலர் சொல்வதுண்டு. அது பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நிலைத்துத் தடம் பதியாமல் காக்க வந்ததேயன்றி, மின்சாரத்தைச் சேமிக்க வந்ததன்று.

ஸ்லீப் எனப்படும் உறக்கநிலையில் பிராசசர் எனும் செயலியும், திரையும், ஹார்ட் டிஸ்க் எனும் வட்டும் ஓய்வெடுக்க, நடக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராம் நினைவகம் மட்டும் விழித்திருக்கிறது. அதிலுள்ள தகவல்கள் மிக நுண்ணிய மின்னூட்டங்களாக இருப்பதால், அவை கசிந்து மறையாதிருக்க, பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு ஆகும் மின்சாரம் சொற்பமே. 2 வாட் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன 48 யூனிட் இரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே உணவு வேளைக்கோ, கடைத்தெருவுக்கோ எழுந்து செல்பவருக்கு உறக்கநிலையே போதும்.

ஆனால் மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்? மடிக்கணினியைப் பேட்டரி காப்பாற்றும். யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியிலோ, சேமிக்காமல் விட்ட கடிதமும் கணக்கும் நினைவகத்தோடு அழிந்துபோகும். இதற்கு மாற்று ஹைபர்னேட். நினைவகத்தில் இருந்தவற்றை வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினி தானே அணைந்துவிடுவதால், சுவரிலுள்ள சுவிட்சையே நிறுத்தினாலும், மறுநாள் திறந்திருந்த கோப்புகள் விட்ட இடத்திலேயே கிடைக்கும். இரவு முழுவதும் விடுவதற்கு இதையே நான் பரிந்துரைப்பேன். விண்டோஸில் பெரும்பாலும் இது ஷட் டவுன், ஸ்லீப் இருக்கும் பட்டியலில் தெரியாது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று நாமே இயக்கிக்கொள்ள வேண்டும்.

அணைத்து அணைத்துப் போட்டால் கணினி கெட்டுவிடும் என்ற அச்சமும் பலரிடம் இருக்கிறது. மேசைக்கணினிக்கான ஹார்ட் டிஸ்க்குகள் பல, 50,000 முறை தொடங்கி நிறுத்துவதைத் தாங்கும் என்று உற்பத்தியாளர்களே குறிப்பிடுகிறார்கள். நாளுக்கு இருமுறை வீதம் பத்து ஆண்டுகள் அணைத்தாலும் 7,300 முறைதான் ஆகும்.

மடிக்கணினி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில், மூடியை மூடிய பிறகும் இணையத் தொடர்பைப் பேணியபடி அவ்வப்போது விழித்து வேலை செய்யும் வகை உறக்கம் அமைந்திருக்கிறது. பைக்குள் வைத்துப் பேருந்தில் எடுத்துச் சென்ற கணினி, ஊர் போய்ச் சேரும்போது சூடாகவும் பேட்டரி தீர்ந்தும் இருப்பதற்கு இது ஒரு காரணம். பயணத்துக்கு முன் ஹைபர்னேட் செய்வதோ அணைப்பதோதான் சரி.

அணைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்ற ஏற்பாடு இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்த மென்பொருள்கள் மூடப்பட்டாலும், இயங்குதளத்தின் மையப்பகுதி வட்டில் எழுதப்பட்டு மறுநாள் அப்படியே மீட்கப்படுகிறது. தினமும் முறையாக அணைத்தும் பிரிண்டர் பிடிவாதம் பிடிக்கிறது, ஒலி வரவில்லை என்று வருந்துவோர் உண்டு. பழைய கோளாறும் மையப்பகுதியோடு சேர்ந்தே மீண்டு வந்திருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் எல்லாம் முற்றிலும் புதிதாகத் தொடங்குகிறது. எனவே பழுதுபார்ப்பவரை அழைப்பதற்கு முன் அதை ஒருமுறை செய்து பாருங்கள்.

நன்றி, வணக்கம்.